முள் ஏறினால் ஹீட்டரைப் போடு

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் என் தம்பி அந்தக் காரை என் ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். அடர் பச்சை நிறம், உருண்டைக் கூரை, எங்கள் அப்பாவுக்கு மீசை முளைக்கும் முன்பே ஓடத் தொடங்கிய வண்டி. கண்ணாடிகளை முழுசாக இறக்கிவிட்டிருந்தான். பாதி மழையில் நனைந்து, பாதி வேர்வையில் நனைந்து இறங்கினான்.

“டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கு ஓடுதுக்கா. நீ சொன்ன மாதிரி ஹீட்டரைப் போட்டா உடனே எறங்கிடுது.”

“உடனேன்னா?”

“பொத்தானைத் திருப்பின உடனே.”

அது எனக்கு இடித்தது. வித்தை என்னுடையதுதான். இன்ஜின் கொதித்தால் ஹீட்டரைத் திறந்துவிடு, சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும், மெக்கானிக் கடை வரை தாக்குப்பிடிக்கலாம். ஆனால் முள் இறங்கச் சில நிமிடமாவது ஆகும். பொத்தானைப் பார்த்துப் பயந்து எந்தத் தண்ணீரும் ஆறிவிடாது.

“ஆசைப்பட்டு வாங்கினியே, அனுபவி,” என்றேன்.

“உன் பிக்கப்புல ஹீட்டரே கெடையாது. நீ என்னைச் சொல்ற.”

பின் இருக்கையில் குழந்தை சீட்டைக்கூடக் கட்டிவைத்திருந்தான். சாயங்காலம் மனைவியையும் பாப்பாவையும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போகிறானாம். பாப்பா இன்னும் நடக்கவில்லை. அவளுக்கு நான் வைத்த பெயர் குண்டு. அவள் சிரித்தால் எனக்கு உலகத்தில் வேறு வேலை கிடையாது. அதனாலேயே அந்த முள்ளை நான் சும்மா விடுவதாக இல்லை.

ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்து வரை இருந்தது. ஃபேன் பெல்ட் நல்ல இறுக்கம். சூடேறினால் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிநீரில் போட்டேன், சமர்த்தாகத் திறந்தது. திரும்ப மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, சூடு அளக்கும் கருவியை அதன்மேல் காட்டினேன். இருக்க வேண்டிய சூடுதான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் முள் சிவப்பில் நின்றது.

அப்படியென்றால் பொய் சொல்வது முள். சென்சாரின் ஒயரைப் பிடுங்கினேன். ஒயர் இல்லாவிட்டால் முள் உயிர் போனதுபோல் கீழே விழ வேண்டும்.

விழவில்லை.

மீட்டருக்குப் பின்னால் இருந்த ஒயர்களையும் பிடுங்கினேன். எல்லாம் என் கையில் தொங்கிக்கொண்டிருக்க, முள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

தம்பி ஹீட்டரைப் போட்டான். முள் இறங்கியது. “பாத்தியா?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னால், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கால்விரிப்பு ஈரமாக இருந்தது. ஹீட்டர் ஒழுகினால் அப்படி ஆகும். ஆனால் ஹீட்டருக்குள் ஓடும் கூலன்ட் கையில் வழவழக்கும், இனிப்பு வாடை அடிக்கும். இது சில்லென்ற வெறும் தண்ணீர். முகர்ந்தால் சேறும் அழுகிய பாசியும்.

“உண்மையைச் சொல்லு. இந்த வண்டி எங்க கெடந்துச்சு?”

தலையைச் சொறிந்தான். “எப்பவோ ஏரியில எறங்கின வண்டியாம். நல்லா காயவெச்சுட்டேன்னு வித்தவரு சொன்னாரு.”

“உள்ள ஆள் இருந்தாங்களா?”

“அதை நான் கேக்கலக்கா.”

கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

பயந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தொழிலில் ஹீட்டர்மேல் சந்தேகம் வந்தால் அதையே ஒதுக்கிவிடுவோம். அதற்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் ஒன்றோடொன்று சேர்த்து மாட்டினேன். இனிச் சுடுதண்ணீர் அந்தப் பக்கம் போகாது. தம்பியைக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஓட்டிப்பார்க்கக் கிளம்பினேன்.

பட்டப்பகல்தான். ஆட்கள் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தார்கள். தெருமுனை தாண்டியதும் முள் ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன்.

சிவப்பைத் தொட்டது.

ஹீட்டர் பொத்தான் டக்கென்று தானாகத் திரும்பியது. வந்தது குளிர்ந்த காற்று.

பொத்தான் பழைய இடத்துக்குப் போனது. மறுபடி திரும்பியது. மறுபடி. மறுபடி.

கண்ணாடி முழுதும் உள்பக்கமாகப் பனி படர்ந்தது. பாசி வாடை நெஞ்சை அடைத்தது. பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் முனகியது, யாரோ என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்ததுபோல.

“குளுருது.”

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அந்தக் குரலில் கோபமே இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

பிறகு விரல்கள்.

சட்டைக்கு அடியில், விலா எலும்பின் மேல், ஒவ்வொன்றாக வந்து படிந்தன. சூடு இருக்கும் இடத்தைத் தேடி நகர்ந்தன. என் உடம்பிலிருந்து சூடு வடிந்துகொண்டே போனது. எப்படித் திருப்பி, எப்படிக் கடைக்கு வந்தேனோ தெரியாது.

“என்னக்கா, உதடெல்லாம் நீலமா இருக்கு?”

நடந்ததைச் சொன்னேன். இந்த வண்டியில் பாப்பாவை ஏற்றாதே என்று கெஞ்சினேன்.

“நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, அதான்,” என்றான். “முள்ளு ஏறினா ஹீட்டரைப் போட்டுக்கறேன், விடு.”

அவன் ஒன்று நினைத்துவிட்டால் நினைத்ததுதான். குழாய்களையும் ஒயர்களையும் பழையபடி மாட்டினேன். ஆனால் அவ்வளவு பழைய ஹீட்டர் எத்தனை நாளுக்கு வரும்? என்றாவது அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு அந்த விரல்கள் தேடிப்போகும் கதகதப்பு குண்டுதான்.

தம்பி முகம் கழுவப் போன நேரத்தில் காருக்குள் தலையை நீட்டினேன்.

“குழந்தைய விட்டுடு,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “சூடு வேணும்னா எங்கூட வா.”

முள் ஒருமுறை ஆடியது. பிறகு அடங்கியது.

இருட்டத் தொடங்கும் நேரம் தம்பி போன் செய்தான். “அக்கா, மலை ஏறி எறங்கிட்டோம். முள்ளு அசையவே இல்ல. ஹீட்டரே போடல!”

“கால்விரிப்பு?”

“காஞ்சு கெடக்கு.”

பின்னால் குண்டு கத்திச் சிரிப்பது கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

கடையைப் பூட்டிவிட்டு என் பிக்கப்பில் ஏறினேன். நாள் முழுக்க மழையில் நின்ற வண்டி, பானெட் சில்லிட்டுக் கிடந்தது. கிளப்பினேன். தெருமுனை தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது.

பாசி வாடை.

என் கை டாஷ்போர்டைத் தடவியது. ஹீட்டர் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரம்தான் இருந்தது.

பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் முனகியது. கூப்பிட்டவள் நான்தானே.

முள் சிவப்பைத் தொட்டது. விலா எலும்பின் மேல் சில்லென்று ஒரு விரல் பட்டது.