ஆபரேட்டரின் மீசைப் பந்தயம்

எங்கள் தெருத் தியேட்டரில் படம் ஓட்டுகிறவரை எல்லோரும் 'ஆபரேட்டர்' என்பார்கள். ஆள் ஒல்லி, மீசை மட்டும் மிகப் பெரியது. ஒருநாள் திடீர் மழையில் அதன் கீழே இரண்டு பேர் ஒதுங்கி நின்றோம். நான் நின்ற பக்கம் ஒரு சொட்டுகூட விழவில்லை. எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது.

அந்த மீசைக்குத்தான் ஒருநாள் ஆபத்து வந்தது.

தியேட்டர் பரணைச் சுத்தம் செய்தபோது ஆபரேட்டருக்கு ஒரு பிலிம் துண்டு கிடைத்தது. பேசாத படம். அந்தக் காலத்து நடிகர்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. மீதிப் படத்தை ஓர் எலி தின்றுவிட்டது. அந்த எலியும் அதற்குப் பிறகு 'கீச்' என்றுகூடச் சொல்லவில்லை.

துண்டில் இருந்தது ஒரே காட்சி. ஓர் ஒல்லி மனிதர் பெரிய தட்டில் உட்கார்ந்து படிக்கட்டில் சறுக்கி வருகிறார். கீழே ஒரு தொப்பைப் போலீஸ்காரர் அவருக்கு சல்யூட் அடிக்கிறார். படிக்கட்டுக்கு வலப்பக்கச் சுவரில் ஒரு வட்ட ஜன்னல்.

ஆபரேட்டர் அதைப் பெரிய போட்டோவாக அச்சடித்து, நேரே சலூனுக்குக் கொண்டுபோனார்.

"இது நம்ம ஊர்ல எடுத்த படம். தூரத்துல பாருங்க, நம்ம மணிக்கூண்டோட கூம்பு!"

சலூன்காரர் சிரித்தார். அவர் சிரித்தால் தொப்பை தனியாகச் சிரிக்கும்.

"ஏன்யா, உலகத்துல வேற கூம்பே கிடையாதா? அப்போ இந்தப் படிக்கட்டு எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள காட்டுறேன். இல்லேன்னா என் மீசையை எடுத்துக்குங்க. காட்டிட்டா?"

"அதே படிக்கட்டுல நான் தட்டுல உட்கார்ந்து சறுக்கிட்டு வர்றேன்!"

சலூனில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பாதி முகம் மழித்திருந்த ஒருவர் இரண்டு முறை தட்டினார்.

ஆபரேட்டருக்கு ஓர் அக்கா மகள். எல்லோரும் அவளை 'வாலு' என்று கூப்பிடுவார்கள். பந்தயத்தைக் கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது. கைக்குழந்தையாக இருந்தபோது மாமாவின் மீசையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள்.

"மாமா, மீசை இல்லேன்னா உங்களை எனக்கு அடையாளமே தெரியாதே!"

"அப்படின்னா தேடு வாலு, தேடு!"

பள்ளி விட்டதும் இருவரும் போட்டோவோடு கிளம்புவார்கள். நூலகப் படிக்கட்டில் ஜன்னல் இல்லை. மருத்துவமனைப் படிக்கட்டில் ஜன்னல் சதுரம். ஒரு வீட்டு மாடிப்படியில் ஏறிப் பார்த்தார்கள். அந்த வீட்டு நாய் அவர்களை மணிக்கூண்டு வரைக்கும் வழியனுப்பி வைத்தது.

பேக்கரி பக்கத்துப் படிக்கட்டில் மட்டும் வாலு நின்றாள்.

"மாமா, இங்க வட்ட ஜன்னல் இருக்கு!"

"இருக்கு. ஆனா இடப்பக்கம்ல இருக்கு? போட்டோவுல வலப்பக்கம். இது அதோட தங்கச்சியா இருக்கும். வா போகலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

ஆபரேட்டர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் மீசை முழுக்க நுரை பூசினார். பாதி சோப்பு காலி.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

"சீக்கிரம் முடிங்க," என்று ஆபரேட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வாலு போட்டோவை, படம் வெளியே தெரிய, மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். மாமாவின் முகத்தை நேரே பார்க்கத் தைரியம் வரவில்லை. எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் பார்த்தாள். அதில் மாமா தெரிந்தார், நுரை தெரிந்தது, அவள் கையிலிருந்த போட்டோவும் தெரிந்தது.

சலூன்காரர் கத்தியை உயர்த்தினார்.

"நிறுத்துங்க!"

வாலு கத்திய கத்தலில் வெளியே சைக்கிளில் போனவர் பிரேக் பிடித்தார்.

"கண்ணாடியில பாருங்க! ஜன்னல் இடப்பக்கம் இருக்கு! இது பேக்கரிப் படிக்கட்டு!"

"கண்ணாடியில எல்லாமே மாறித்தான் தெரியும் கண்ணு," என்றார் சலூன்காரர்.

"அப்போ போட்டோவைப் பாருங்க. போலீஸ்காரர் எந்தக் கையால சல்யூட் அடிக்கிறார்?"

சலூன்காரர் பார்த்தார். அவர் கையிலிருந்த கத்தி மெல்ல இறங்கியது.

"இடக்கை! எந்த ஊர்ப் போலீஸ்காரர் இடக்கையால சல்யூட் அடிப்பார்?" என்றாள் வாலு.

ஆபரேட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அச்சடிக்கும்போது பிலிமைத் திருப்பி வச்சுட்டேன்! ஆயிரம் படம் ஓட்டினாலும் இந்தத் தப்பு வரும்."



தெருவே பேக்கரிக்குப் போனது. போட்டோவைப் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்கள். படி, ஜன்னல், கூம்பு எல்லாம் அச்சாகப் பொருந்தின.

சலூன்காரரின் முகம் வெளுத்தது. "வாக்கு வாக்குதான்," என்று பேக்கரிக்காரம்மாவிடம் பெரிய தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு படியேறினார். மூன்றாவது படியிலேயே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்ப்பதை வாலு கவனித்தாள்.

"சலூன் மாமா, நீங்க ஏன் மேல போறீங்க?"

"பந்தயம் இருக்கேம்மா."

"படத்துல சறுக்குறவர் ஒல்லி. கீழ நிக்கிறவருக்குத்தான் தொப்பை. அப்படியே போட்டோ எடுத்தாத்தானே ஊர் நம்பும்? நீங்கதான் போலீஸ்!"

சலூன்காரர் இறகைப் போல இறங்கி வந்தார். எல்லோரும் தெருவிலேயே ஒல்லியான ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான்தானே ஜெயிச்சேன்!" என்றார் ஆபரேட்டர். முகத்தில் இன்னும் நுரை.

"அடி படாது மாமா, நான் பார்த்துக்கறேன்," என்று வாலு பேக்கரிக்காரம்மாவிடம் மாவு மூட்டைகளைக் கேட்டு வாங்கிக் கீழே அடுக்கினாள். பிறகு மாமாவின் கேமராவோடு தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். "ரெடி!"

ஆபரேட்டர் வந்த வேகத்தில் ஒரு காகம் வழி விட்டு ஒதுங்கியது. மூட்டைகளின் மேல் குப்புற விழுந்தார். ஒரு மூட்டை வெடித்தது. சலூன்காரர் வலக்கையால் விறைப்பாக சல்யூட் அடித்தார். வாலு கிளிக் செய்தாள்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ஆபரேட்டர் மீசையில் ஒட்டவில்லைதான். ஒட்டியது மாவு.

அந்தப் போட்டோ இப்போது சலூன் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் சலூன்காரர் அதைக் காட்டி, "நான் பேசாத படத்துல நடிச்சவன், தெரியுமா?" என்று கேட்கிறார். இதுவரை ஒருவரும் மறுத்துச் சொன்னதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் தலையை ஆட்டுவார்கள்?