பணிவிடைப் பதக்கம்

மழை விட்ட ஒரு முற்பகலில் மருந்துக்கடைக்காரி அந்தப் பழைய வீட்டின் அழைப்பு மணியை அடித்தாள். ஒட்டோமான் சுல்தான்கள் பெண்களுக்கு அளித்த பதக்கங்களைச் சேர்ப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம். பதினொன்று வைத்திருந்தாள். பன்னிரண்டாவது இங்கே இருப்பதாகக் கேள்வி.

கதவைத் திறந்த டீச்சரம்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை. பெட்டியைக் கையில் திணித்தார். ஐந்து முனை வெள்ளி நட்சத்திரம். நடுவே சிவப்பும் பச்சையுமாக எனாமல்.

"போர்ல அடிபட்டவங்களுக்குப் பணிவிடை செஞ்ச ஒரு அம்மாவோடது. எங்கண்ணன் வச்சிருந்தார். ஆறு வருஷம் படுத்த படுக்கையா கிடந்து போய்ச் சேர்ந்தார்."

"ஐயோ பாவம். யாரு பாத்துக்கிட்டாங்க, டீச்சர்?"

டீச்சரம்மா கதவைச் சாத்தினார்.

மருந்துக்கடைக்காரியின் கணவரும் படுக்கையில்தான். பக்கவாதம் வந்து நான்கு மாதம். இப்போதுதான் இடது கை விரல்கள் அசைய ஆரம்பித்திருந்தன. பதக்கத்தை அவர் அறை அலமாரியில் வைத்தாள். அவரை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

திரும்பியபோது அவர் இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விரிப்பு புதிது. அறையெல்லாம் ஆஸ்பத்திரி வாடை.

"என்னங்க, யாரு வந்தா?"

"வெள்ளை முக்காடு போட்ட அம்மா," என்று குழறினார். "பேசறதில்ல. உன்னைவிட மெதுவா புரட்டுறாங்க."

மறுநாளிலிருந்து அவளுக்குக் கடையில் கால் தரிக்கவில்லை. வாங்க வந்தவர்களுக்கு மாத்திரைப் பட்டையை மாற்றிக் கொடுத்தாள். மணிக்கொரு தரம் ஓடிவந்து பார்த்தாள். பூட்டு பூட்டியபடியே இருக்கும். அவருக்குத் தலை வாரியிருக்கும், நகம் வெட்டியிருக்கும். பதக்கத்தைத் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். கையில் எடுத்தால் மனசு வராது.

நான்காம் நாள் அவரது இடது கை கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது.

வெள்ளைத் துணி. நேர்த்தியான கட்டு.

"கையைத் தூக்கிப் பாத்தேன்," என்று கிசுகிசுத்தார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "விடமாட்டேங்கிறாங்கம்மா."

கட்டை அறுத்தெறிந்தாள். பதக்கத்தோடு அருங்காட்சியகத்துக்கு ஓடினாள். காப்பாளர் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டும்வரை நின்று பார்த்தாள்.

வீட்டில் அந்த வாடை இல்லை. கணவர் இடது கையைத் தானே உயர்த்திக் காட்டிச் சிரித்தார். அவர் மார்பில் முகம் புதைத்து அவள் அழுதுதீர்த்தாள்.

"உனக்கு உடம்பு அனலா கொதிக்குதே. போய்ப் படும்மா."

தன் அறைக் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் வெள்ளை விரிப்பு. நான்கு மூலையும் இறுக்கி மடித்துச் செருகியிருந்தது.

போர்வை ஒரு பக்கம் விலகியிருந்தது.

அவள் பார்க்கப் பார்க்க, யாரோ தட்டிப் போடுவதுபோல் தலையணை இரண்டு முறை அமுங்கி எழுந்தது.