மூன்று மீட்டருக்குக் கீழே

அல்ஜீரியப் பாலைவன ஊரான திமிமூனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வற்றிப்போன ஒரு ஃபொக்காராவை ட்ரோன் விட்டு அளக்க வந்திருந்தாள் வர்தா. நிலத்துக்கடியில் ஓடிய பழைய வாய்க்கால் அது. மேலே வரிசையாகக் கிணற்று வாய்கள், பாதி மணலில் தூர்ந்தவை. உச்சி வெயில். ஒரு ஈகூடப் பறக்கவில்லை.

ட்ரோன் மேலே இருக்கும்வரை தொல்லையில்லை. இறங்கும்போதுதான், சரியாக மூன்று மீட்டரில், கையிலிருந்த ரிமோட்டின் திரை கறுத்துவிடும்.

"உன் பொம்மைக்கு மண்ணைக் கண்டா பயம் போல," ஜீப் நிழலில் தேநீர் ஊற்றிக்கொண்டே சிரித்தார் ஓட்டுநர் ஜல்லூல்.

"வாயை மூடுங்கண்ணே."

ஆன்டெனாவைத் திருப்பினாள். அலைவரிசையை மாற்றினாள். பேட்டரியை மாற்றினாள். ஜீப்பையே தள்ளி நிறுத்தச் சொன்னாள். ஐந்தாவது முறையும் அதே மூன்று மீட்டரில் இருட்டு. வெறுங்கண்ணால் பார்த்துத்தான், தரையிறங்க மணலில் விரித்திருந்த பாயில் இறக்கினாள்.

திரைக்கு வராத படமும் ட்ரோனுக்குள் இருக்கும் கார்டில் பதிவாகியிருக்கும். அதை உருவி வந்து, ஜீப்பில் உட்கார்ந்து மடிக்கணினியில் போட்டாள்.

படம் எங்கேயும் அறுபடவில்லை.

மூன்று மீட்டர் வரைக்கும் மணல்மேல் விரித்த பாய். அதற்குக் கீழே மணலைக் காணோம். பாயைச் சுற்றிக் கரிய குழி. குழிக்குள் நெருக்கியடித்து நின்ற மண் பூசிய முகங்கள் அண்ணாந்து பார்த்தன.

ஒவ்வொரு இறக்கத்திலும் அவை இன்னும் மேலே ஏறியிருந்தன.

கடைசிப் பதிவில் ஒரு கை பாயின் விளிம்பைப் பிடித்திருந்தது.

நிமிர்ந்தாள். ட்ரோனை எடுக்க ஜல்லூல் பாயின்மேல் குனிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே... வந்துருங்க. மெதுவா."

"என்ன?"

மண் உள்வாங்கியது. பாயும் ட்ரோனும் மறைந்தன. ஜல்லூல் குழியின் விளிம்பைப் பற்றித் தொங்கினார். வர்தா ஓடிப்போய்க் குப்புற விழுந்து அவர் கைகளைப் பிடித்தாள். எப்போதோ வற்றிய குழியிலிருந்து ஈரச் சேற்றின் நாற்றம் அடித்தது.

"யா ரப்பி! காலைப் பிடிச்சு இழுக்குறாங்க!"

செருப்பு கழன்றது. அதனால்தான் அவர் மேலே வந்தார். கணுக்காலில் ஐந்து விரல்களின் தடம்.

ஜீப் வெகுதூரம் போன பிறகு ஜல்லூல் சொன்னார். "தூர்வார இறங்கினவங்கம்மா. மண்ணு சரிஞ்சப்போ உயிரோடதான் இருந்தாங்க. அந்தச் சத்தம் தாங்காம மேல நின்னவங்க மூடிட்டாங்க. எங்கப்பாவும் அதுல ஒருத்தர்."

"மூடினவரா?"

ஆமென்று தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்து, அல்ஜியர்ஸ் அலுவலகத்தில், வர்தாவின் இழுப்பறைக்குள் ரிமோட் தானாகக் கூவியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புதைந்த ட்ரோன். சிக்னல் முழுசாக இருந்தது.

திரையில் இருட்டு. ஒரு சாம்பல் விரல் லென்ஸிலிருந்து மண்ணைத் துடைத்தது.

ஓரத்தில் உயரம் காட்டும் எண் மாறிக்கொண்டிருந்தது.

மைனஸ் பதினொன்று.

மைனஸ் பத்து.

மைனஸ் ஒன்பது.