தேரி விழுங்கிய மணி

“நாளைக்குப் பொழுது அடையுறதுக்குள்ள எந்த ஊரு வண்டி மணியைத் தார்ரோட்டுக்குக் கொண்டு வருதோ, மணி அந்த ஊருக்கு! அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது!”

ஆலடிவிளைத் தலைவர் இப்படிச் சொல்ல, கொம்மடிக்குளத்துத் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். கூட்டம் விசிலடித்தது. சவால் முடிவாகிவிட்டது!

அந்த மணியின் கதை இரண்டு ஊருக்கும் தெரியும். தாத்தாமார் காலத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் வீட்டிலிருந்த வெண்கலப் பாத்திரங்களைக் கொடுத்து ஒரு பெரிய மணி வார்த்தார்கள். மாட்டு வண்டியில் ஏற்றி, செம்மணல் மேடுகளான தேரிக்காட்டைக் கடக்கும்போது ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது. சக்கரம் செம்மணலில் புதைந்தது. மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தவர்கள், மறுநாள் ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். அங்கே வண்டியும் இல்லை, மணியும் இல்லை. புதிதாக ஒரு மணல்மேடுதான் இருந்தது. அன்று தொடங்கியது, மணி எந்த ஊருக்கு என்ற சண்டை.

இந்த ஆடியில்தான் காற்று மனம் மாறியது. தூத்துக்குடியில் கல்யாணங்களுக்கு டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் ஜெசிந்தா, தேரியைச் சும்மா படம்பிடித்தபோது மணலில் ஒரு பச்சை வளையம் தெரிந்தது. களிம்பு ஏறிய வெண்கலம்! ஆனால், திறந்து காட்டிய காற்று எப்போது வேண்டுமானாலும் மூடியும் விடும். அதனால்தான் இத்தனை அவசரம்.

ஆலடிவிளை சார்பில் பொன்கனி போவதாக முடிவானது. அவள் ஜெசிந்தாவின் பள்ளித்தோழி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். விடுமுறை நாளில் தன் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு மணலிலும் மலையிலும் சுற்றுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. கொம்மடிக்குளத்துக்கு அருஞ்சுனை. புத்தம்புது கறுப்பு ஜீப் வைத்திருப்பவன். அதன் பளபளப்பில் தலை சீவிக்கொள்ளலாம்.

அன்று மாலை பொன்கனி வீட்டு முற்றத்தில் சாமான்கள் குவிந்தன. குவித்தவன் அவளுடைய அத்தை மகன் லிங்கதுரை. இரும்புச் சங்கிலி, கம்பியைச் சுருட்டி இழுக்கும் மின்சார வின்ச், இரண்டு ஜாக்கி, கடப்பாரை, ஆறேழு கயிறுகள், ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாய்.

“இவ்வளவையும் ஏத்தினா நாம எங்கலே உக்காருறது?” என்றாள் பொன்கனி.

“மைனி, மாட்டிக்கிட்டா என்ன செய்வீய? எல்லாம் இருக்கட்டும்!”

“வண்டி கனத்தாலே மாட்டிக்கும். மணல்ல கனம்தான் முதல் எதிரி. வரும்போது மணி வேற இருக்கு. ஒவ்வொண்ணா சொல்லு, எதுக்கு எடுக்கணும்னு. காரணம் சொல்ல முடியலன்னா இறக்கி வச்சிரு.”

லிங்கதுரை வின்ச்சைத் தட்டினான். “இது இருந்தா வண்டி தன்னைத்தானே இழுத்துக்கும்லா!”

“சரி. கம்பியோட மறுமுனையை எதுல மாட்டுவ?”

“மரத்துல.”

“மேட்டுக்கு அந்தப் பக்கம் மரம் பார்த்திருக்கியா?”

லிங்கதுரை யோசித்தான். உடைமரங்களும் பனைகளும் தேரியின் ஓரத்தில்தான். நடுவில் வெறும் மணல். வின்ச் இறங்கியது.

“சங்கிலி?”

“சங்கிலிக்கு நீள்ற குணமே கிடையாது. வெடுக்குனு இழுத்தா எங்கயாவது ஒரு கண்ணி அறும். அறுந்த கண்ணி குண்டு மாதிரி வரும். துறைமுகத்துல ஒரு தடவை பார்த்திருக்கேன். தகரச் சுவரைத் துளைச்சிட்டுப் போச்சு.” அவள் உள்ளே போய்க் கட்டைவிரல் பருமனான ஒரு நைலான் கயிற்றைக் கொண்டுவந்தாள். “இது ரப்பர் மாதிரி நீண்டு, அப்புறம் சுருங்கும். புதைஞ்ச வண்டியை நோகாம பிடுங்கி எடுக்கும்.”

“அப்ப சுவர்ல தொங்குற அந்தத் தட்டைப் பட்டை?” என்று, டிரோனோடு கூட வரப்போகும் ஜெசிந்தா கேட்டாள். “அதுவும் இழுக்கத்தானே?”

“அது நீளாது. மெதுவா, ஒரே சீரா இழுக்க. ரெண்டும் வேணும். ஒண்ணு செய்யுற வேலையை இன்னொண்ணு செய்யாது.”

இரண்டு நீண்ட காம்பு மண்வெட்டிகள் ஏறின. சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பல் வைத்த பலகைகள் ஏறின. ஒரு ஜாக்கி மட்டும் ஏறியது, அதுவும் அடியில் வைக்க ஒரு மரப்பலகையோடு. இல்லாவிட்டால் ஜாக்கியே மணலுக்குள் போய்விடும். டயர்க் காற்றைப் பார்க்கும் மானியும், திரும்ப அடிக்கும் சிறு பம்பும் ஏறின. பீப்பாய்க்குப் பதில் கேன்களில் தண்ணீர். லிங்கதுரை ஒரு தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

“அது என்னலே?”

“புளியோதரை. இதுக்குக் காரணம் கேட்டீயன்னா நான் வரல.”

மறுநாள் காலை கொட்டும் மேளமுமாக ஊர் வழியனுப்பியது. தார்ச்சாலை முடிந்த இடத்தில் பொன்கனி வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் பாதிக்கு மேல் காற்றைப் பிடுங்கினாள். டயர்கள் அகன்று ஒட்டகப் பாதம்போல மணலில் படிந்தன.

அவர்களுக்கு முன்னாலேயே ஒரு வண்டித்தடம் போயிருந்தது. ஆழமான தடம்.

“அருஞ்சுனை முந்திட்டான்!” என்று லிங்கதுரை கத்தினான்.

“காத்தைக் குறைக்காமலே போயிருக்கான். தடத்தைப் பாரு, வெட்டிக்கிட்டுப் போயிருக்கு” என்றாள் பொன்கனி. கியரைப் போட்டாள். ஜீப் உறுமிக்கொண்டு தேரிக்குள் பாய்ந்தது!

எங்கு பார்த்தாலும் சிவப்பு! மிளகாய்ப்பொடியை மலைமலையாகக் கொட்டிவைத்ததுபோல மேடுகள். வானம் இன்னும் நீலமாகத் தெரிந்தது. ஒரு மயில் கூட்டம் தோகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஜீப் ஒரு மேட்டில் ஏறும், உச்சியில் நின்று மூச்சுவிடும், சறுக்கிக்கொண்டே மறுபக்கம் இறங்கும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஜெசிந்தா “ஹோய்!” என்று கத்தினாள். லிங்கதுரை தூக்குச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

மூன்றாவது மேட்டில் பின்சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை.

“அழுத்துங்க மைனி, நல்லா அழுத்துங்க!”

“அழுத்தினா கிணறுதான் வெட்டும்!” பொன்கனி சட்டென்று காலை எடுத்தாள். “இறங்குங்க. சக்கரத்துக்கு முன்னால மணலை வழிச்சு எடுங்க.”

மண்வெட்டிகள் பறந்தன. பலகைகளைச் சக்கரத்துக்கு முன்னால் சாய்வாகச் செருகினார்கள். பொன்கனி மெதுவாக, மிக மெதுவாக வண்டியை நகர்த்தினாள். பற்கள் டயரைக் கவ்வின. ஜீப் படியேறுவதுபோல ஏறி வெளியே வந்துவிட்டது! லிங்கதுரை பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆடிக்கொண்டே பின்னால் ஓடிவந்தான்.

உச்சிவெயில் நேரத்தில் ஜெசிந்தா டிரோனை அனுப்பினாள். சின்னத் திரையில் மூவரும் குனிந்தார்கள்.

“அந்தா மணி! அடுத்த மேட்டுக்குக் கீழதான்!” என்று குதித்தாள். உடனே அவள் குரல் மாறியது. “ஏட்டி கனி... இங்க பாரேன்.”

மணிக்கு மேற்கே, கிண்ணம்போன்ற ஒரு பள்ளத்தில் கறுப்பு ஜீப் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தான். பள்ளத்தின் விளிம்பிலிருந்து காற்று மணலைத் திரைதிரையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

“அருஞ்சுனை!” லிங்கதுரைக்குச் சிரிப்பு வந்தது. “மைனி, மணியை எடுத்துட்டு வரும்போது கூட்டிக்கலாம். போட்டியாச்சுல்லா!”

பொன்கனி மணி இருந்த பக்கத்தைப் பார்த்தாள். காற்று வலுத்துக்கொண்டே வந்தது. இப்போது விட்டால் அந்தப் பச்சை வளையம் மறுபடி மறைந்துபோகலாம். தாத்தாமார் காலத்து மணி! அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள்.

“மணல் கதவு உயரத்துக்கு வந்துட்டுலே. மணி இத்தனை வருஷம் மூச்சுவிடாம இருந்துச்சு, இன்னும் இருக்கும். அவன் இருக்கமாட்டான்.”

ஜீப் மேற்கே திரும்பியது.

அருஞ்சுனை தலைமுதல் கால்வரை சிவப்பாக இருந்தான். அவனுடைய வின்ச் கம்பியின் முனையில், வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு சின்ன உடைமரச் செடி கிடந்தது.

“கம்பி என்னை இழுக்கும்னு பார்த்தேன். நான் செடியை இழுத்துட்டேன்” என்றான் அசட்டுச் சிரிப்போடு. “தண்ணி இருக்கா மக்கா?”

லிங்கதுரை கேனை நீட்டினான். பிறகு தூக்குச் சட்டியையும்.

கறுப்பு ஜீப்பின் முன்னால் ஒரு சிவப்புக் கொக்கி மின்னியது. கயிற்றை அதில் மாட்டப்போன ஜெசிந்தாவைப் பொன்கனி தடுத்தாள். குனிந்து பார்த்தாள். கொக்கி வெறும் தகரத்தில் திருகப்பட்டிருந்தது. அழகுக்காக வைத்தது! இழுத்தால் பிய்ந்து பறந்து வரும். அவள் மணலில் மல்லாந்து படுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்ந்த உண்மையான கொக்கியைத் தேடிப் பிடித்து மாட்டினாள்.

“முதல்ல வண்டியோட வயித்துக்கு அடியில இருக்குற மணலைத் தோண்டணும். அப்புறம் எல்லாரும் கயித்துக்கு நேரா நிக்காம தள்ளிப் போங்க. ரொம்பத் தள்ளி!”

தோண்டினார்கள். காற்று திரும்பக் கொட்டியது. மறுபடி தோண்டினார்கள். கடைசியில் பொன்கனி பள்ளத்து விளிம்பில் கெட்டியான இடத்தில் தன் வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தளர்வாக விட்டுவிட்டு நகர்த்தினாள். கயிறு நீண்டது... நீண்டது... ஒரு கணம் இரண்டு வண்டிகளும் அசையாமல் நின்றன. பிறகு கறுப்பு ஜீப் பல் பிடுங்கியதுபோல மணலிலிருந்து எம்பி வெளியே வந்தது!

“வந்துட்டு! வந்துட்டு!” லிங்கதுரையும் அருஞ்சுனையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். போட்டி ஞாபகம் வந்ததும் சட்டென்று விலகி நின்றார்கள். ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அருஞ்சுனையின் டயர்களிலும் காற்றைக் குறைத்துவிட்டு இரண்டு வண்டிகளும் மணி இருந்த இடத்துக்குப் போனபோது, பச்சை வளையத்தில் பாதிதான் வெளியே தெரிந்தது. நான்கு பேரும் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டத் தோண்டத்தான் விஷயம் புரிந்தது. படத்தில் குடத்தளவு தெரிந்தது வெறும் தலைதான். மணி இடுப்புயரம் இருந்தது!

“இது எந்த வண்டியிலயும் ஏறாது” என்றாள் ஜெசிந்தா.

“தரையோட இழுத்தா மணல்ல நங்கூரம் மாதிரி இறங்கும்” என்றாள் பொன்கனி. “அடியில அகலமா, வழுக்குற மாதிரி ஏதாவது வேணும்.”

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். மணலைத் தவிர எதுவும் இல்லை. அருஞ்சுனை தன் வண்டியைப் பார்த்தான். எஞ்சினை மூடியிருக்கும் அதன் பளபளக்கும் பானெட்டைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

“ஸ்பேனர் இருக்கா?” என்றான்.

“நெசமாவாலே?” என்றான் லிங்கதுரை.

“என் உசுரு அதுக்குள்ளதான் புதைய இருந்துச்சு. பானெட்டு போனாப் போவுது, எடு!”

கழற்றிய பானெட்டைக் குப்புறப் போட்டதும் அழகான சறுக்குத் தோணி கிடைத்துவிட்டது. மணியின் தலையிலிருந்த கண்ணில் தட்டைப் பட்டையைக் கோத்தார்கள். லிங்கதுரை நைலான் கயிற்றை நீட்டினான், பொன்கனி வேண்டாம் என்று தலையசைத்தாள். “வெடுக்குனு இழுத்தா வெண்கலம் விரிஞ்சிரும். இதுக்குப் பட்டைதான்.” பலகைகளைச் சரிவாக வைத்து, வண்டியை ஊர்வதுபோல நகர்த்தி இழுத்தாள். மணல் விடமாட்டேன் என்றது. பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம். மணி மெதுவாகச் சாய்ந்து பலகையில் ஏறி, பானெட்டில் படுத்துக்கொண்டது!

ஆனால் ஒரு ஜீப்பால் அதை மேட்டில் ஏற்ற முடியவில்லை. பொன்கனியின் வண்டி முன்னே, அதன் பின்னே அருஞ்சுனை வண்டி, கடைசியில் மணி என்று வரிசையாகக் கட்டினார்கள். லிங்கதுரை நடுவில் நின்று கையைத் தூக்கினான். “ஒண்ணா விடுங்க... இப்பம்!” இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் உறுமின. எதிரில் இருப்பது தெரியாத அளவுக்குச் செம்புழுதி. ஜெசிந்தா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, டிரோனைக் கட்டிவைத்துவிட்டு, முன்னால் ஓடி ஓடிக் கெட்டியான தரையைக் காட்டினாள். ஒரு மேடு, இன்னொரு மேடு. ஒவ்வொரு உச்சியிலும் அருஞ்சுனை ஹாரன் அடித்துக் கொண்டாடினான்!

பொழுது சாயும் நேரம். தார்ச்சாலையில், இரண்டு ஊருக்கும் பொதுவான பேருந்து நிறுத்தத்தில், சனம் எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேரியைப் பார்த்து நின்றது. புழுதிக்குள்ளிருந்து முதலில் ஒரு ஜீப் வந்தது. அடுத்து பானெட் இல்லாத இன்னொன்று. அப்புறம் மணி!

சாலையின் விளிம்பில் ஏறும்போது, அத்தனை தூரம் தாங்கிய பானெட் டர்ரென்று இரண்டாகக் கிழிந்தது. மணி உருண்டு, மைல்கல்லில் மோதி நிமிர்ந்தது.

ஓஓஓம்ம்ம்...

அந்த நாதம் அடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“எங்க ஊரு கயித்துல வந்துச்சு!”

“எங்க ஊரு பானெட்டுல வந்துச்சு!”

பொன்கனி ஜீப்பின் மேல் ஏறி நின்றாள். “கொஞ்சம் கேளுங்க! ஒத்தை வண்டியில போயிருந்தா இவனும் வந்திருக்கமாட்டான், மணியும் வந்திருக்காது. இங்க வந்து உக்காந்துட்டுல்லா, இதுதான் அதுக்கு இடம். இந்த ரோடு எந்த ஊருக்குச் சொந்தம்? சொல்லுங்க பாப்போம்!”

தலைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொம்மடிக்குளத்துத் தலைவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. “பிள்ளை சொல்லுறது சரிதானவே. இதை இங்கயிருந்து அசைக்க இன்னொரு பானெட்டுக்கு நான் எங்க போக?”

சிரிப்பு பரவியது. கொட்டும் மேளமும் மறுபடி முழங்கின. லிங்கதுரையும் அருஞ்சுனையும் ஆளுக்கொரு தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்த மாதமே அதே இடத்தில் மண்டபம் எழும்பி மணி ஏறியது. இப்போது இரண்டு ஊர்த் திருவிழாவுக்கும் அதைத்தான் அடிக்கிறார்கள்.

அதன்பிறகு புது ஜீப் வாங்கும் இளைஞர்களெல்லாம் பொன்கனியைத் தேடி வருகிறார்கள். “அக்கா, காட்டுக்குள்ள போக என்ன சாமான் முதல்ல வாங்கணும்?” என்று கேட்கிறார்கள். கயிறு, பலகை, மண்வெட்டி எல்லாவற்றையும் அவள் பொறுமையாக எடுத்துக் காட்டுவாள். ஆனால் அதற்கு முன்னால் எப்போதும் ஒன்று சொல்வாள்:

“முதல்ல கூட வர இன்னொரு வண்டியைச் சேத்துக்கோங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் தேரி ஓரத்துக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். ஒரு பழைய ஜீப்பும், பானெட் இல்லாத ஒரு கறுப்பு ஜீப்பும், ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போகும். புது பானெட் வாங்கவில்லையா என்று யாராவது கேட்டால் அருஞ்சுனை சிரிப்பான்.

“எதுக்கு மக்கா? காத்து நல்லா வருது!”