மணலில் கட்டிய ஊர்

ஃபென்னா பூவாளியைச் சாய்த்தாள். தண்ணீர் பள்ளி முற்றத்து மணல் தொட்டியில் மழையாகக் கொட்டியது.

தொட்டிக்குள் இருந்தது அவர்களுடைய ஊர், ஐல்ஸ்வீர். புவியியல் புத்தகத்தை அலைடா டீச்சர் போன வாரமே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "ஊருக்குள்ள போய்ப் பாருங்க. பார்த்ததை மணல்ல கட்டுங்க," என்று சொல்லிவிட்டார். கடலைத் தடுக்கும் நீண்ட அணை, கால்வாய், தேவாலயம், மரக்கட்டை வீடுகள் எல்லாம் வந்துவிட்டன.

"பெரிய மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்? நல்லா கவனிங்க," என்றார் டீச்சர்.

தண்ணீர் எங்கும் சுற்றவில்லை. நேராக டூவேயின் வீட்டுப் பக்கம் ஓடியது. அங்கிருந்த பள்ளம் நிறைந்தது. குட்டி மரக்கட்டை வீடு ஆடியது, சாய்ந்தது, மிதக்கத் தொடங்கியது.

"டேய் டூவே! உங்க வீடு குளியல் தொட்டிடா! சோப்பு இருக்கா?" என்று ரெம்கோ கத்தினான்.

வகுப்பே சிரித்தது. ஃபென்னாவும் சிரித்தாள். டூவே மட்டும் சிரிக்கவில்லை. தன் ஐந்து வயதுத் தங்கை ஹிஸ்காவும் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் ஹிஸ்கா பள்ளிக்கு வந்தபோது, அவளுடைய தடித்த கோட்டின் மேல் இரண்டு கைகளிலும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ உப்பிக்கொண்டு இருந்தது. நீச்சல் பழகும்போது மாட்டுகிற காற்றுப் பட்டைகள்!

"ஹிஸ்கா, இன்னைக்கு நீச்சல் வகுப்பா?" என்று ஃபென்னா கேட்டாள்.

"இல்ல. எங்க வீடு மிதக்கப் போவுதுல்ல? அதுக்குத்தான்."

"ராத்திரியும் இதைப் போட்டுட்டுத்தான் படுத்தா," என்றான் டூவே. அவன் முகம் கறுத்திருந்தது. "தூங்கவே இல்ல. அம்மா சொல்லிப் பார்த்தாங்க, அப்பா சொல்லிப் பார்த்தாரு. 'மணல்ல பார்த்தேனே'ங்கிறா. நீதானே தண்ணி ஊத்தின? நீயே சொல்லு அவகிட்ட."

ஃபென்னா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? "மிதக்காது" என்று சொல்லலாம். ஆனால் அது உண்மையா என்று அவளுக்கே தெரியாதே!

அவள் நேராக ரெம்கோவிடம் போனாள். அந்தப் பகுதியைக் கட்டியவன் அவன்தான்.

"டூவே வீடு பள்ளத்துல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வீட்டு வாசல்ல எப்பவும் தண்ணி தேங்கி நிக்குது. அதான் குழி தோண்டினேன்."

"அளந்து பார்த்தியா?"

"தண்ணி நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. இதுல என்னத்த அளக்கிறது?"

ஆனால் ஃபென்னாவுக்கு ஒரு விஷயம் இடித்தது. டூவே வீட்டுக்கு மிதிவண்டியில் போகும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கும். எதிர்க்காற்று என்றுதான் நினைத்திருந்தாள். அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் காற்றின் மேல்தான் பழி போடுவார்கள். ஆனால் காற்றே இல்லாத நாளிலும் மூச்சு வாங்கியதே, அது ஏன்?

அன்று மாலை மீன் தொட்டியைக் கழுவுவது அவளுடைய முறை. தண்ணீரை வெளியேற்ற, கண்ணாடி போல உள்ளே தெரிகிற ஒரு ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்சினாள். மறு முனையை உயர்த்திப் பிடித்தாள். குழாய்க்குள் ஏறிய தண்ணீர் ஓர் இடத்தில் நின்றது. தொட்டியில் தண்ணீர் எந்த உயரமோ, குழாயிலும் அதே உயரம். குழாயை வளைத்தாள். நெளித்தாள். அறையின் மறுகோடிக்கு இழுத்துப் போனாள். தண்ணீர் அதே மட்டத்தில்தான் நின்றது.

"அம்மா! இதை விட நீளமா குழாய் இருக்கா?"

"மீன் தொட்டிக்கா?"

"இல்லம்மா. ஊருக்கு!"

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொட்டகையிலிருந்து அதே மாதிரி உள்ளே தெரிகிற, மிக நீளமான குழாய் ஒன்றை எடுத்து வந்தார்.

காலையில் அதைத் தோளில் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்த ஃபென்னாவைப் பார்த்ததும் அலைடா டீச்சரின் புருவம் உயர்ந்தது. அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"டூவே வீடு மேடா பள்ளமா, உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாதே," என்றார் டீச்சர். அவர் நகரத்திலிருந்து வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. "எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு. எல்லாரும் கோட்டைப் போடுங்க. ஹிஸ்காவையும் கூப்பிடுங்க."

பள்ளி வாசலில் வேலை தொடங்கியது. குழாயில் தண்ணீரை நிரப்பினார்கள். ஒரு முனையை ஃபென்னா பிடித்தாள். மறு முனையை ரெம்கோ தெருவில் முன்னே கொண்டுபோனான்.

"தாழ்த்தாத, தாழ்த்தாத!" என்று டூவே கத்தி முடிப்பதற்குள் ரெம்கோ கையைத் தாழ்த்திவிட்டான். தண்ணீர் முழுவதும் அவன் காலணிக்குள் போனது.

"இப்ப யாருடா குளியல் தொட்டி?" என்றான் டூவே. இரண்டு நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் கிண்டல் அது.

மறுபடி நிரப்பினார்கள். ஃபென்னாவின் முனையில், தண்ணீர் தரையிலிருந்து அவளுடைய தோள் உயரத்தில் நின்றது. ரெம்கோவின் முனையில் அதைவிட ஒரு சாண் கீழே நின்றது.

"தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்தானே? அப்புறம் ஏன் இங்க மட்டும் குறைச்சலா தெரியுது?" ரெம்கோ குழம்பினான்.

ஃபென்னா யோசித்தாள். பிறகு துள்ளினாள். "தண்ணி கீழ வரல! உன் காலுக்குக் கீழ இருக்கிற தரைதான் மேல வந்திருக்கு!"

டூவே ஒரு நீளக் கழியில் அந்த ஒரு சாணைச் சாக்பீஸால் குறித்தான். ஃபென்னா இப்போது ரெம்கோ நின்ற இடத்துக்கு வந்தாள். ரெம்கோ இன்னும் முன்னே போனான். அங்கே முக்கால் சாண். குறித்தார்கள். அடுத்து மறுபடி ஒரு சாண்.

தெருவில் மிதிவண்டியில் வந்த ஒரு பெண் காலை ஊன்றி நின்றார். "என்ன பிள்ளைங்களா, தெருவுக்குக் குளுக்கோஸ் ஏத்துறீங்களா?"

"தெருவோட உயரத்தைப் பார்க்கிறோம்!" என்றாள் ஹிஸ்கா பெருமையாக.

டூவேயின் வீட்டுப் படியை அடைந்தபோது, கழியில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. டீச்சர் கழியைத் தரையில் நட்டு, ரெம்கோவைப் பக்கத்தில் நிறுத்தினார். கடைசிக் கோடு அவன் தலைக்கும் மேலே இருந்தது.

எல்லோரும் அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அப்படின்னா..." என்று ரெம்கோ மெதுவாகச் சொன்னான். "இங்க தண்ணி வரணும்னா, அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல நான் முழுசா முங்கியிருப்பேன்."

ஹிஸ்கா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு தன் காற்றுப் பட்டைகளைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். "இந்தா. உனக்குத்தான் இது வேணும்."

ரெம்கோ மறுக்கவில்லை. ஒன்று அவன் மணிக்கட்டு வரைதான் ஏறியது. அதை அப்படியே மாட்டிக்கொண்டு நின்றான்.

"ஆனா டீச்சர், இங்க ஏன் எப்பவும் தண்ணி தேங்குது? இது மேடுதானே?" என்று டூவே கேட்டான்.

எல்லோரும் வாசலில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றி நின்றார்கள். ஃபென்னா கழியால் துழாவினாள். அடியில் இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டன. மழைத் தண்ணீர் போகும் வடிகாலின் மூடி! அழுகிய இலைகள் கொத்துக்கொத்தாக வந்தன. ஒற்றைக் கையுறை ஒன்றும் வந்தது. 'களுக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் சுழன்று சுழன்று உள்ளே இறங்கியது.

"பள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போக வழி இல்லாம நின்னிருக்கு!" என்றாள் ஃபென்னா.

வகுப்புக்குத் திரும்பியதும் டீச்சர் பழைய வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்தார். கடலுக்கு அணை கட்டுவதற்கு வெகு காலம் முன்பே இங்கே மனிதர்கள் இருந்தார்கள். கடல் உள்ளே வரும்போது நனையாமல் இருக்க, களிமண்ணைக் குவித்து மேடு கட்டி, அதன்மேல் வீடு போட்டார்கள். அப்படி ஒரு மேட்டில்தான் டூவேயின் வீடு நின்றது.

"அப்ப இந்த மண்ணு மொத்தமும் கையால கொட்டினதா?" டூவேயின் கண்கள் விரிந்தன. "யார் கொட்டினாங்க? எத்தனை பேர்? சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?"

"அதைத்தான் அடுத்த வாரம் தேடப் போறோம்," என்றார் டீச்சர்.

மணல் தொட்டியில் பள்ளத்தை மூடி மேடு எழுப்பியவன் ரெம்கோ. யாரும் அவனிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மழை வெளுத்து வாங்கியது. ஃபென்னா மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மிதித்து டூவேயின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த டூவே உதட்டில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாத. ஹிஸ்கா தூங்குறா."

"இந்த மழையிலயா?"

"மத்தியானத்துலேருந்து!"

இருவரும் சாக்லேட் துருவல் தூவிய ரொட்டியோடு சன்னல் ஓரமாக உட்கார்ந்து, வாசலில் விழுந்த மழை தெருவோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.