165600 என்கிற ஆள்

காலை 11.20. வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. அணை அலுவலகக் கணினியின் மழைக் கோப்பிலோ அத்தனையும் பூஜ்யம்! 10.12க்கு யாரோ அசலைத் தூக்கிவிட்டுப் போலியை வைத்திருந்தார்கள். அசல் இல்லாமல் எத்தனை மதகு திறப்பது, எந்தத் தெருக்களைக் காலி செய்வது என்று கணிக்க முடியாது. ஒரு மணிக்கு அணை நிரம்பிவிடும்.

11.35. பெண் இன்ஸ்பெக்டர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்.

"போலியை வெச்சது யாரு?"

"உரிமையாளர் இடத்துல பேரே இல்ல மேடம். வெறும் 165600. அப்படி ஒரு ஆளே இங்க கிடையாது" என்றார் கணினி நிர்வாகி.

"இல்லாத ஆள் பேர்ல எழுத ரூட் வேணும், அதாவது மொத்தக் கணினிக்கும் அதிகாரம்" என்றார் வெள்ளக் கணிப்பாளர். "அது இவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. ஆறு மாசமா கேட்டும் எனக்குத் தரல."

"அண்ணி அப்படிச் செய்யற ஆள் இல்ல!" மழை ஆய்வாளர் சீறினார். நிர்வாகியின் கணவருடைய தங்கை அவர்.

"அண்ணிக்கு நாத்தனார் சாட்சியா! சரி, ரூட் இல்லாம நீங்க ரெண்டு பேரும் எப்படி வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆளுக்கொரு கன்டெய்னர். அதுக்குள்ள ஒரு குட்டி மெய்நிகர் கணினி. உள்ள நாங்க ராஜா, வெளிய சாதாரண ஆள்" என்றார் ஆய்வாளர்.

"ராஜான்னா குடிமக்கள் வேணுமே?"

"உள்ள ஆட்களை உருவாக்கிக்க எண் ஒதுக்கியிருக்கேன்" என்று நிர்வாகி பட்டியலைக் காட்டினார். ஆய்வாளருக்கு 100000 முதல் 165535 வரை. கணிப்பாளருக்கு 165536 முதல் 231071 வரை.

இன்ஸ்பெக்டரின் விரல் சட்டென்று நின்றது.

"சார், இந்த 165600 உங்க குடிமகன். உள்ள ராஜாவா எழுதியிருந்தா வெளிய உங்க பேரே விழுந்திருக்கும். அதனால உள்ள ஒரு ஆளைப் படைச்சு, அவன் கையால எழுதினீங்க. அவனுக்கு வெளிய பேர் கிடையாது, எண் மட்டும்தான் தெரியும். பேரில்லாத எண்ணைப் பார்த்தா எல்லாரும் ரூட்டைத்தான் சந்தேகப்படுவாங்கன்னு கணக்குப் போட்டீங்க. உங்க கன்டெய்னரைத் திறங்க!"

திறந்தார்கள். அசல் கோப்பு உள்ளே பத்திரமாக இருந்தது.

கணிப்பாளர் ஒப்புக்கொண்டார். "பன்னெண்டரைக்கு நானே கண்டுபிடிச்ச மாதிரி கொடுத்திருப்பேன். இவங்க பதவி எனக்குக் கிடைச்சிருக்கும்."

"அதுவரைக்கும் தண்ணி உங்களுக்காகக் காத்திருக்குமா?"

12.05. ஐந்து மதகுகளைத் திறப்பது, ஆற்றோரத் தெருக்களைக் காலி செய்வது என்று முடிவு வந்தது. சைரன்கள் அலறின.

12.40. நிர்வாகியின் கைபேசி ஒலித்தது. ஆற்றோரத் தெருவிலிருந்த அவர் கணவர். "பிள்ளைங்களோட மேட்டுக்கு வந்துட்டோம். நம்ம தெருவே வந்துடுச்சு."

அப்போதுதான் அவர் அழுதார். நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.