ஆடாத சுடர்

பகல் ஒன்றரை மணி. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில், பிரெஞ்சு வகுப்பில், சல்மா தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். பாஸ்போர்ட் இல்லை.

மூன்று மணிக்கு வாய்மொழித் தேர்வு. பிரான்சில் படிக்க ஒரே ஓர் இடம். போட்டியில் அவளும் யுகேந்திரனும். பாஸ்போர்ட் காட்டாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

சல்மாப் பிள்ளை பிரெஞ்சு பேசி நீங்கள் கேட்டிருக்க வேண்டும், கண்ணுகளா! ஆசிரியை விஷ்ணுப்ரியா பழக்கிய முறை அது. வாய்க்கு நேரே மெழுகுவத்தி, தாடைக்கு அடியில் கை. நாங்கள் பேசுகிறோம் என்பதற்கு ‘பார்லோன்’. அசைக்கு ஒன்றாகத் தாடை இரண்டு முறை இறங்கும். ‘ப’வில் மூச்சு தெறித்துச் சுடர் ஆடக் கூடாது. அவர்கள் பேசுகிறார்கள் என்பதற்கு வெறும் ‘பார்ல்’. எழுதும்போது e, n, t என்று மூன்று பேர் வாலில் நிற்பார்கள், வாய்க்கு வரமாட்டார்கள். தாடை ஒரே முறைதான் இறங்கும். வகுப்பை ஒட்டிய சின்ன அறையில் பழகிவிட்டு, முகமெல்லாம் வேர்த்து வழியத்தான் சல்மா எப்போதும் வருவாள்.

கூடப் படிக்கும் தாமரை, கிள்ளான் போலீஸ் இன்ஸ்பெக்டர். லீவு நாளிலும் அவள் கண்ணுக்கு லீவு கிடையாது.

“நாங்க சாப்பிடப் போனப்போ மேல யாரு?”

“நான்தான் அக்கா,” என்றான் யுகேந்திரன். “சின்ன ரூம்ல கதவச் சாத்திட்டு பிராக்டிஸ். வெளிய வரவே இல்ல. கூட்ட வந்த வீரம்மா ஆன்டிய கேளுங்க லா.”

“அடப்பாவி! நான் படியத் தாண்டி உள்ள வரலையே!” வீரம்மா துடைப்பத்தோடு பதறினாள்.

“மெழுகுவத்தி வெச்சா பழகினே?”

“ஆமாக்கா, முழு நேரமும்.”

“துளி வேர்வை இல்லையே தம்பி?”

“ஃபேன் ஃபுல் ஸ்பீடுல்ல! போட்டது இன்னும் ஓடுது, பாருங்க.”

சின்ன அறையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாமரை அதன் கீழ் மெழுகுவத்தியை ஏற்றினாள். அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது.

“சல்மா ஏன் வேர்த்து வரான்னு நீ யோசிக்கவே இல்ல. அவ ஃபேன நிறுத்திட்டுப் பழகுறா. இன்னிக்கு இந்த ரூம்ல யாரும் பழகல. பாஸ்போர்ட் எங்கப்பா?”

யுகேந்திரன் மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டினான். “சீட்டுக்கு அடியில. அவ பேசுறதக் கேட்டா எனக்கே கைதட்டத் தோணும் அக்கா. அதான் பயந்துட்டேன்.”

பாஸ்போர்ட் கைக்கு வந்தும் சல்மாவின் நடுக்கம் நிற்கவில்லை. தாமரை ஃபேனை நிறுத்தினாள்; மெழுகுவத்தியை ஏற்றி அவள் முன் வைத்தாள்.

“ஒரு தடவ சொல்லிட்டு கிளம்புடாம்மா. நான் கார்ல விடுறேன்.”

“பார்லோன்.”

தாடை இரண்டு முறை இறங்கியது. சுடர் நேராக நின்றது.